டெல்லி தனியே முடிவெடுத்த காலம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வெக்கையில் பாறை உடைத்தார்கள். பாறை வெடித்து மாண்டவர்கள் உண்டு, தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் உண்டு. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் கோலார் தங்கவயல் முழுவதுமாகக் கொடுத்தது சுமார் 800 டன். வளைகுடா நாடுகளோடு இந்தியா நடத்தும் ராஜதந்திர ஆலோசனைகளை இந்த ஊரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் அந்தத் தங்கம்தான்.

1950-களில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் கடைத்தெருக்களில் புழங்கியது நம் ரூபாய். துபாயில் வாங்கிய தங்கம் பாய்மரக் கலங்களில் கள்ளத்தனமாக இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. அதற்கு விலையாகப் போன நோட்டுகள் வளைகுடா வங்கிகள் வழியே ரிசர்வ் வங்கிக்குத் திரும்பின. அவற்றுக்கு நாம் ஸ்டெர்லிங் கொடுத்தோம். இந்த ஒழுக்கை அடைக்கத்தான் 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் அச்சிட்டது. இதே காலத்தில் தங்கவயலின் தங்கம் உள்நாட்டுச் சந்தை விலையைவிட மிகக் குறைந்த சர்வதேச விலைக்கு அரசிடம் போனது. கடத்தல் தங்கத்துக்கு நல்ல விலை, உயிரைப் பணயம் வைத்து எடுத்த தங்கத்துக்கு அடிமாட்டு விலை! அப்படி நடத்திவிட்டு அதை நஷ்டச் சுரங்கம் என்று சொன்னது பெரிய அநியாயம்.

1966 ஜூன் 6 அன்று டெல்லி ரூபாயின் மதிப்பை 36.5 சதவீதம் இறக்கியது. வளைகுடா ரூபாயும் கூடவே சரிந்தது. குவைத்தும் பஹ்ரைனும் முன்பே தங்கள் தினாருக்கு மாறியிருந்தன. இப்போது கத்தாரும் துபாயும் அபுதாபியும் விலகின. ஓமன் 1970 வரை தாக்குப்பிடித்தது. மதிப்பிறக்கத்தை யாரும் முன்கூட்டி அறிவிக்க முடியாது, சரி. ஆனால் நம் நோட்டை நம்பிச் சேமித்தவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று பேச 1959-லிருந்து ஏழு ஆண்டுகள் இருந்தன.

அதன்பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். உறவோ அந்த அளவுக்கு வளரவில்லை. 1981-ல் இந்திரா காந்தி ஐக்கிய அரபு அமீரகம் சென்றதற்கும் 2015-ல் நரேந்திர மோடி சென்றதற்கும் இடையில் 34 ஆண்டுகள் எந்த இந்தியப் பிரதமரும் அங்கே போகவில்லை.

அந்த இடைவெளியில்தான் 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் புகுந்தது. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத்துக்கு ஓடினார். ஜோர்டானின் அம்மானிலிருந்து ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டது. எண்ணெய் விலை ஏறியது, தொழிலாளர்கள் அங்கிருந்து அனுப்பும் பணம் குறைந்தது, அந்நியச் செலாவணி வற்றியது. ஏற்கெனவே தளர்ந்திருந்த கஜானா தாங்கவில்லை. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தது. பத்தாண்டு கழித்து, 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயல் மூடப்பட்டது.

இன்று நிலைமை மாறியிருப்பதை மனதார வரவேற்கிறேன். 2017-ல் அமீரகத்துடன் விரிவான மூலோபாயக் கூட்டுறவு வந்தது. 2022 மே மாதம் அமலுக்கு வந்த பொருளாதார ஒப்பந்தம், படிப்படியாக ஆண்டுக்கு 200 டன் வரை தங்கத்தைச் சலுகைத் தீர்வையில் கொண்டுவர வழி செய்கிறது. தங்கவயல் தன் ஆயுள் முழுவதும் கொடுத்ததில் கால்பங்கு இது.

ஆனால் வட்டாரப் பாதுகாப்பு பற்றிய ஆலோசனையில் ஹோர்முஸ் நீரிணையும் கப்பல்களும் இடம்பெறுவதுபோல, போர் மூண்டால் தொழிலாளியின் நிலுவைக் கூலியை யார் கொடுப்பது, அவரை எந்த வழியில் ஊருக்கு அனுப்புவது என்பவையும் எழுத்தில் இடம்பெற வேண்டும். குஜ்ராலின் விமானம் கிளம்பியபோது குவைத் ஏற்கெனவே விழுந்திருந்தது. அடுத்த முறை அந்தப் பேச்சு அமைதிக் காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.