வேகத்துக்கும் ஒரு வாத்தியார் வேண்டும்



பெட்டாலிங் ஜெயாவில் கூட்டரசு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் சனிக்கிழமை இரவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறிக்கொண்டு போவதைச் சொல்வார்கள். கூடவே இன்னொன்றையும் சொல்வார்கள். மகனுடைய மோட்டார் மாடிக்குக் கீழே வந்து நிற்கும் சத்தம் கேட்கும்வரை எத்தனையோ தாய்மாருக்கு உறக்கம் பிடிப்பதில்லை. இந்த முறை அந்தத் தாய்மாருக்காகவும் அந்தப் பிள்ளைகளுக்காகவும் சிறிது பேசலாம் என்று இருக்கிறேன்.

இன்று பெரிய நகரமாக விளங்கும் பெட்டாலிங் ஜெயா, ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டம். 1950-களின் தொடக்கத்தில்தான் மரங்கள் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தன. பின்னாளில் வேறு பல தோட்டங்களும் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் பலர் இந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தார்கள். தோட்டத்தில் தாத்தாவுக்குக் கால் சைக்கிள். பட்டணத்தில் பேரனுக்குக் கால் 'கப்சாய்'. தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போவதும், சந்தைக்குப் போவதும், தங்கையைப் பள்ளியில் விடுவதும் அதில்தான்.

ஹோண்டா நிறுவனம் 1958-இல் 'சூப்பர் கப்' என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. 2017-க்குள் அந்த வரிசையில் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. அந்தக் 'கப்' என்ற பெயரோடு, சின்னது என்ற பொருளில் சீனர் சொல்லும் 'சாய்' சேர்ந்துதான் 'கப்சாய்' ஆயிற்று என்பார்கள். கையில் பிடிக்கும் கிளட்ச் இல்லாத எளிய வண்டியாக அது தொடங்கியது. இன்று அதே குடும்பத்தில் 150 சிசி வண்டிகளும் கிளட்சோடு வந்துவிட்டன. ஏழைக்கு ஏற்ற வாகனம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டுமல்லவா? நம் நாட்டில் சாலை விபத்தில் மாண்டுபோகிறவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. தலைக்கவசம் 1973-இல் கட்டாயமாக்கப்பட்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை 1970-களிலேயே போடப்பட்டது. அந்தப் பாதையை ஷா ஆலம் பக்கம் நீட்டியபின் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக 1990-களில் ஆய்வாளர்கள் கண்டார்கள். சாலையைத் திருத்தினால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு இது சாட்சி. சாலையில் போகிற பையனைத் திருத்துவது யார்? அங்கேதான் நாம் தடுமாறுகிறோம்.

நம் வீடுகளில் இரண்டு வழிகள்தாம் தெரியும். ஒன்று திட்டுவது: "டேய், மெதுவா போடா!" மற்றொன்று வாங்கிக் கொடுப்பது: "பரீட்சையில் பாஸ் பண்ணு, மோட்டார் வாங்கித் தரேன்." திட்டும்போது அவன் தலையாட்டுகிறான். வாங்கிக் கொடுக்கும்போது சிரிக்கிறான். இரண்டிலும் அவன் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. லைசென்ஸ் எடுக்கும்போது குறுகிய பலகைமேல் விழாமல் மெதுவாக ஓட்டிக் காட்டுகிறான். அது நல்ல பயிற்சிதான். ஆனால் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்னால் ஒரு லோரி திடீரென்று நின்றால் என்ன செய்வது என்பதை அவனுக்கு யார் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்? கூட்டாளிகள் சொல்லிக் கொடுத்தார்கள். இருக்கையில் வயிறு படக் குப்புறப் படுத்து முறுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படித்தான் பிள்ளைகள் 'மாட் ரெம்பிட்' என்று பெயரெடுக்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்தப் பையன்கள் யாரைப்போல் ஆக ஆசைப்படுகிறார்களோ, அந்தப் பந்தய வீரர்கள் அப்படிக் கற்றவர்கள் அல்லர்.

கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்குப் பந்தயம் புதிதன்று. ஷா ஆலத்தில் பத்து தீகா பந்தயத் தடம் 1968-இல் திறக்கப்பட்டது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி அங்கேதான் நடந்தது. 1999 முதல் அது செப்பாங்குக்கு மாறியது. பத்து தீகா 2003-இல் மூடப்பட்டு, அந்த நிலத்தில் குடியிருப்புகள் வந்துவிட்டன. இதற்கிடையில் 1994-இல் 'மலேசியக் கப் பிரி' என்ற போட்டி தொடங்கியது. அதன் சிறப்பு என்னவென்றால், அதில் ஓடுவது பெரிய வண்டிகள் அல்ல. நம் வீட்டு வாசலில் நிற்கும் அதே கப்சாய் வகைதான். ஊர் ஊராகப் போய் அந்தப் போட்டியை நடத்தினார்கள். இளையோருக்கு 'வீரா' என்றொரு பிரிவும் வந்தது. நம் 'வீரன்' என்ற சொல்லுக்கு அது உறவுச் சொல்தான்.

அந்தச் சிறிய வண்டிகளிலிருந்து யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். பந்திங்கில் பிறந்த சுல்ஃபாமி கைருடின், 2012-இல் செப்பாங்கில் மோட்டோ 3 பிரிவில் முதல் வரிசையில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக வந்தார். அம்பாங் பையன் ஹஃபிஸ் ஷாரின், 2018-இல் மோட்டோ ஜிபி என்னும் உச்சப் பிரிவில் நிரந்தர இடம் பெற்ற முதல் மலேசியர் ஆனார். பேராக்கைச் சேர்ந்த கைருல் இடாம் பாவி, 2016 ஏப்ரலில் அர்ஜென்டினாவில் ஈரம் காயாத தடத்தில் 26 வினாடி முன்னால் வந்து வென்றார். உலக கிராண்ட் பிரியில் மலேசியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது. அப்போது அவருக்கு வயது 17.

நம் தமிழர் கதையும் உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. சென்னை இளைஞர் சரத் குமார் 2011-இல் உலகப் போட்டியின் 125 சிசி பிரிவில் ஓட்டினார்.

சிறிய வண்டியில் ஏன் பழக்குகிறார்கள்? இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பெரிய வண்டியில் வளைவில் பிழை செய்தால், நேர்ப்பாதையில் முறுக்கி ஈடுகட்டிவிடலாம். சிறிய வண்டியில் அந்தச் சலுகை கிடையாது. வளைவில் ஒருமுறை வேகத்தை இழந்தால் அது திரும்பி வர வெகுநேரம் ஆகும். ஆகவே எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே சாய்வது, எங்கே பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தே தீர வேண்டும். பலம் குறைந்த வண்டி ஓட்டுகிறவனின் குற்றத்தை மறைக்காது. இதனால்தான் 2014-இல் தொடங்கிய ஆசிய இளையோர் போட்டியிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி 250 சிசி வண்டி. மோட்டோ 3 பிரிவும் 2012 முதல் ஒற்றை சிலிண்டர் 250 சிசிதான்.

அப்படியானால் பயிற்சியாளர் முதலில் என்ன கற்றுக் கொடுக்கிறார்? பையன்கள் நினைப்பதுபோல் முறுக்குவதை அன்று. நிறுத்துவதை!

பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. நம் பையன்களோ முன்பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்று பயந்து பின்பிரேக்கையே மிதிக்கிறார்கள். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு வழுக்குகிறது. முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்திக்கொண்டே போக வேண்டும். வளைவுக்குள் போனபின் பிரேக் பிடிக்கக் கூடாது, அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். குழியைப் பார்த்துக்கொண்டே போனால் குழியில்தான் விழுவோம். போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். 90 கிலோமீட்டரில் 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொட ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் காய்ந்த சாலையில், ஒவ்வொரு வினாடிக்கும் 6 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்தால், 60-இல் நிற்க இன்னும் 23 மீட்டரும் 90-இல் 52 மீட்டரும் வேண்டும். கூட்டினால் ஒன்று 40 மீட்டர், மற்றொன்று 77 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மழை பெய்தால் இன்னும் மோசம். 'மெதுவா போ' என்று நூறு முறை சொல்வதைவிட, இந்தக் கணக்கை ஒருமுறை போட வைப்பது மேல்.

பந்தயத் தடத்தில் இன்னொரு படிப்பும் நடக்கிறது. அது ஒழுங்கு. புறப்படும் முன் வண்டியைச் சோதிக்கிறார்கள். மஞ்சள் கொடி அசைந்தால் யாரும் யாரையும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி தெரிந்தால் முதலில் போகிறவனும் வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். எதிரே வண்டி வராது. சந்தியில் கார் குறுக்கே நுழையாது. விழுந்தால் சறுக்கிப் போக ஒதுக்கிடம் உண்டு. மருத்துவரும் வண்டியும் காத்திருப்பார்கள். நெடுஞ்சாலையில் இவற்றில் ஒன்றாவது உண்டா?

இவ்வளவும் சொன்னதால், பிள்ளையைப் பந்தயத்தில் சேர்த்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்டில் சென்னைத் தடத்திலேயே பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். 2021-இல் ஐரோப்பாவில் 14, 15, 19 வயதுப் பிள்ளைகள் மூவர் ஒருவர்பின் ஒருவராக மாண்டார்கள். அதன்பின் உலகக் கழகம் கிராண்ட் பிரியில் ஓட்டும் குறைந்த வயதை, சில விலக்குகளோடு, 2023 முதல் 18 ஆக உயர்த்தியது. எல்லாப் பாதுகாப்பும் உள்ள தடத்திலேயே இப்படி நேர்கிறது என்றால், எந்தப் பாதுகாப்பும் இல்லாத நெடுஞ்சாலையில் நடுஇரவில் முறுக்குவதை என்னவென்று சொல்வது? பணச் செலவும் உண்டு. டயர், தோலாடை, வண்டி என்று ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு எட்டாத கணக்கு அது. நூறு பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒன்றிரண்டு பேர்தான் அங்கே போய்ச் சேர முடியும். மீதிப் பேருக்கு அந்தப் பயிற்சியின் சாரத்தையாவது நாம் கொடுக்கலாமே!

பெற்றோர்களே, செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. பதினாறு வயதும் லைசென்சும் ஆகும் முன் சாவியைக் கொடுக்காதீர்கள். கடைக்குத்தானே, பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டி வாங்கும் பணத்தில் நல்ல தலைக்கவசத்துக்கு முதலில் எடுத்து வையுங்கள். தாடையில் வார் பூட்டாத தலைக்கவசம் விழும்போது தலையில் இருக்காது. மாதம் ஒருமுறை தகப்பனும் மகனும் குந்தி உட்கார்ந்து டயர், பிரேக், சங்கிலி மூன்றையும் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் அவன் மனத்தில் இருப்பதும் வெளியே வரும். காலியான, அனுமதி உள்ள இடத்தில், 30 கிலோமீட்டரில் தொடங்கி நேராக நிறுத்திப் பழகச் சொல்லுங்கள். புகைக்குழாயை மாற்றிச் சத்தம் கூட்டினால் வேகம் கூடாது, போலீஸ்தான் கூடும் என்று சொல்லி வையுங்கள்.

உண்மையிலேயே பந்தய ஆசை உள்ள பிள்ளையா? அவனை அடக்க வேண்டாம். கப் பிரி நடக்கும் இடத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டுகிறவனை மட்டும் காட்டாதீர்கள். பின்னால் பட்டறைக் கூடாரத்தில் அழுக்குக் கையோடு நிற்கும் மெக்கானிக்கையும், நேரம் குறிப்பவரையும் காட்டுங்கள். வேகத்தை விரும்புகிறவனுக்கு வண்டி மேல்தான் இடம் என்றில்லை. இயந்திரம் கற்றவனுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு.

நம் இந்து சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் பேச்சுப் போட்டி வைக்கின்றன, கோலப் போட்டி வைக்கின்றன, நல்லதே. ஆண்டுக்கு ஒருநாள், ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்தைக் கேட்டு வாங்கி, அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவரை அழைத்து, நம் பையன்களுக்குப் பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க வைத்தால் என்ன? தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள், காதில் ஏறும்.

நீச்சல் தெரியாத பிள்ளையை ஆற்றுக்கு அனுப்ப மாட்டோம். வேகம் தெரியாத பிள்ளையை மட்டும் நெடுஞ்சாலைக்கு அனுப்பிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு காத்திருக்கிறோம். வீடும் ஊரும் கற்றுக் கொடுக்காததைச் சாலை கற்றுக் கொடுக்கும். ஆனால் அந்த வாத்தியார் வாங்கும் சம்பளத்தை எந்தத் தாயாலும் கொடுக்க முடியாது.