கைமாறும் கருவி, கைகழுவும் நிர்வாகம்

லண்டனில் மரண விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட மூன்று ரயில் தொழிலாளர்களைப் பற்றி, ‘மூலதனம்’ முதல் தொகுதியின் வேலைநாள் குறித்த அத்தியாயத்தில் மார்க்ஸ் எழுதுகிறார். ஒருவர் கார்டு, ஒருவர் எஞ்சின் ஓட்டுநர், மற்றவர் சிக்னல்காரர். கோர விபத்தில் பயணிகள் மாண்டனர். பழி இம்மூவரின் கவனக்குறைவின் மீது விழுந்தது. எட்டு மணி நேரமாக இருந்த தங்கள் வேலை 14, 18, 20 மணி நேரம் என நீட்டப்பட்டுவிட்டதை அவர்கள் ஒரே குரலில் எடுத்துரைத்தனர். அந்நூல் வெளிவந்தது 1867இல். ஆலை விபத்துகளுக்குப் பின் நிர்வாகங்கள் எழுதும் அறிக்கைகளில் அந்தச் சொல் இன்றும் மாறவில்லை: கவனக்குறைவு.

இந்தச் சொல் எதை மறைக்கிறது என்பதை அறிய, ஷிப்ட் மாறும் நேரத்தைக் கவனித்தாலே போதும். உருக்காலையிலோ சுரங்கத்திலோ சுத்திகரிப்பு ஆலையிலோ வேலை 24 மணி நேரமும் நிற்பதில்லை, மனிதர்கள்தான் மாறுகிறார்கள். வெளியேறுபவர் தம்முடன் இரண்டைக் கைமாற்றிவிட்டுச் செல்ல வேண்டும். எந்த வால்வு திறந்திருக்கிறது, எந்தப் பம்பு பழுதுபார்ப்பில் இருக்கிறது, எந்த மின்தடம் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்னும் செய்தி ஒன்று. கட்டுப்பாட்டு அறையுடன் பேச உதவும் வாக்கி-டாக்கி மற்றொன்று. இவ்விரண்டில் எது குறைந்தாலும், உள்ளே வருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்.

1984 டிசம்பர் 2 இரவு போபாலில் நடந்ததை நினைவுகூர வேண்டும். யூனியன் கார்பைடு ஆலையில் ஷிப்ட் மாறியது இரவு 10.45 மணிக்கு. அதற்குச் சற்று முன் 610ஆம் எண் தொட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. 11 மணிக்கு 10 பவுண்டு. பத்து என்பது வழக்கமான வரம்புக்குள் அடங்கும் எண். சிறிது நேரத்துக்கு முன் அது இரண்டாக இருந்தது என்னும் செய்தி கைமாறியிருந்தால்தான் அது அபாய எண். அந்தச் செய்தி கைமாறவில்லை. கைமாறாமல் போனது ஏன்? அப்பிரிவில் 12ஆக இருந்த இயக்குநர்களின் எண்ணிக்கை 6ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. இரவு ஷிப்டின் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணியிடம் ஒழிக்கப்பட்டிருந்தது. அளவீடுகளைக் குறிப்பதற்கான இடைவெளியும் ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டாக நீண்டிருந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காவுகொண்ட பின், அந்த நிறுவனம் கண்டுபிடித்த காரணம், அதிருப்தியுற்ற ஒரு தொழிலாளியின் நாசவேலை!

இது ஏழை நாட்டின் கதை மட்டுமே என்று எண்ண வேண்டாம். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் மாண்டனர். பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது, வேலை முடியவில்லை. இரவு ஷிப்டினருக்கு அது சொல்லப்படவில்லை. மற்றொரு பம்பு நின்றதும் அவர்கள் இந்தப் பம்பை இயக்கினார்கள். கசிந்த வாயு தீப்பற்றியது. விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் அறிக்கை 1990இல் வந்தது. வேலை அனுமதிச் சீட்டு முறையும் ஷிப்ட் ஒப்படைப்பும் சீர்குலைந்திருந்ததை அது அம்பலப்படுத்தியது; நிர்வாகத்தின் பொறுப்பையும் சுட்டிக்காட்டியது.

வாக்கி-டாக்கிக்கு வருவோம். பலமுறை சார்ஜ் செய்யப்பட்ட பேட்டரி தேய்கிறது. எட்டு மணி நேரம் தாங்க வேண்டியது பாதியிலேயே அணைகிறது. பேசும் பொத்தான் தளர்கிறது. மைக்கில் தூசி அடைகிறது. சார்ஜரின் தொடுமுனைகளில் கறை படிகிறது. இரும்புக் கட்டமைப்புகளுக்கும் தடித்த கான்கிரீட் சுவர்களுக்கும் பின்னால் அலை எட்டாத இடங்கள் உண்டு. தீப்பற்றும் வாயு உள்ள பகுதிகளில், தீப்பொறி எழாவண்ணம் சான்றளிக்கப்பட்ட கருவியும் அதற்கே உரிய பேட்டரியும் தவிர வேறெதையும் பயன்படுத்தலாகாது. மலிவான மாற்று பேட்டரியைப் பொருத்தினால் அந்தச் சான்று செல்லாது.

இவற்றுக்கெல்லாம் தீர்வு உண்டு, அது எளியது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்; அதன் பழுதைக் குறிக்க ஒரு பதிவேடு. தேய்ந்த பேட்டரியை உரிய காலத்தில் மாற்றுவது. சார்ஜ் ஏற்றிய உபரி பேட்டரி எப்போதும் கைவசம் இருப்பது. ஒப்படைக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் அழைத்துச் சோதித்துப் பார்ப்பது. கேட்ட செய்தியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது. அதை லாக் புக்கில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது. இதற்கு விஞ்ஞானி தேவையில்லை. பதினைந்து நிமிட நேரமும் சிறிது பணமும் போதும்.

அந்தப் பதினைந்து நிமிடம் யாருடையது என்பதே பிரச்சினை. வாரத்துக்கு ஆறு நாள் எனக் கணக்கிட்டால் ஒன்றரை மணி நேரம். ஆண்டுக்கு 78 மணி நேரம், அதாவது ஏறத்தாழ பத்து முழு ஷிப்டுகள். ஊதியமின்றி முன்னதாக வந்து ‘பொறுப்புடன்’ ஒப்படைப்பைப் பெறுமாறு உபதேசிக்கும் நிர்வாகம், இந்தப் பத்து ஷிப்டுகளின் உழைப்பை இலவசமாகக் கேட்கிறது. ஷிப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியலாகாது என்ற 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 58ஆம் பிரிவைச் சிலர் சாக்காகக் காட்டுவர். அதே பிரிவு விலக்களிக்கவும் வழி வைத்திருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரத்தை மீறிய உழைப்புக்கு இரட்டை ஊதியம் என்று 59ஆம் பிரிவு கூறியது. அவர்களைத் தடுத்தது சட்டமன்று; அந்த இரட்டை ஊதியமே.

‘கருவியைத் தொழிலாளர்களே பாழாக்குகிறார்கள், எல்லாவற்றையும் கணினிமயமாக்கினால் மனிதத் தவறே இராது’ என்று வாதிடுவோரும் உண்டு. மூன்று ஷிப்டுகளில் மூன்று கைகள் மாறும் கருவி தேயும் என்பது அதை வாங்கிய நாளிலேயே தெரிந்த செய்தி. அதற்கு மாற்று வாங்காதவர் எவரோ, அவரே அதைப் பாழாக்கியவர். கணினித் திரை அழுத்தத்தைக் காட்டும். ஸ்பானரைப் பிடித்திருந்தவரின் மனத்தில் எழுந்த ஐயத்தைக் காட்டாது. அதைச் சொல்ல ஒரு வாயும் கேட்க ஒரு காதும் இடையே பழுதற்ற கருவியும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இதனினும் கொடிது. அபாயத்துக்கு மிக அருகில் நிற்பவர் அவரே; கருவி வழங்கும் பட்டியலில் கடைசியில் வருபவரும் அவரே. கருவியற்றவர் அபாயத்தைக் கண்டாலும் எவரிடம் உரைப்பார்?

போபாலின் பிணங்களுக்குப் பின்னரே, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-ஜி பிரிவு சேர்ந்தது. அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளில், நிர்வாகப் பிரதிநிதிகளுக்குச் சம எண்ணிக்கையில் தொழிலாளர் பிரதிநிதிகளைக் கொண்ட பாதுகாப்புக் குழுவை அமைப்பது உரிமையாளரின் கடமை என்றது அது. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அந்தக் கடமையை நீர்த்துப்போகச் செய்துவிட்டது. அரசு உத்தரவிட்டால் குழு அமையும் என்கிறது அதன் 22ஆம் பிரிவு. கடமையாக இருந்தது, அரசின் விருப்பமாகச் சுருங்கிற்று.

ஆகவே ஆலைவாயில்களில் ஊதியக் கோரிக்கையுடன் இக்கோரிக்கைகளும் ஒலிக்க வேண்டும். ஒப்படைப்பு நேரம் ஊதியத்துடன் கூடிய வேலை நேரமாகட்டும். வாக்கி-டாக்கிப் பராமரிப்புப் பதிவேடு தொழிற்சங்கத்தின் பார்வைக்குத் திறந்திருக்கட்டும். நிரந்தரத் தொழிலாளிக்குத் தரப்படும் கருவி ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தரப்படட்டும். பாதுகாப்புக் குழு எல்லா அபாயகரமான ஆலைகளிலும் கட்டாயமாகட்டும். நம் தோழர்களும் இதைச் சிறு விஷயம் என ஒதுக்கலாகாது. பழுதான கருவியை எழுத்துமூலம் புகார் செய்து, அந்தப் புகாரின் நகலைச் சங்க அலுவலகத்தில் சேர்த்து வைக்க வேண்டும். நாளை விசாரணை அதிகாரி ‘கவனக்குறைவு’ என்று எழுதப் பேனா எடுக்கும்போது, யாருடைய கவனக்குறைவு என்று கேட்க அந்த நகல் கையில் இருக்கும்.