பார வண்டியின் அடித்தளம்: இரும்போ, பலகையோ?

புதுக்கோட்டை ஜில்லாவில் மாட்டு வண்டி செய்துவந்த வேலையைச் சிறு மோட்டார் வண்டிகள் ஏற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகவில்லை. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்த பின்னர், ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டைப் பக்கங்களில் ‘லோடு வண்டி’ என்னும் பெயர் வீட்டுப் பெயராகிவிட்டது. வசதியுள்ள நிலக்காரர் சற்றுப் பெரிய பிக்கப் வண்டியை வாங்கிப் பட்டறையில் தம் விருப்பப்படி பெட்டி கட்டுவிக்கின்றனர். வர்ணம் என்ன, முன்புறம் எந்தத் தெய்வத்தின் பெயர், பின்கதவில் எந்தக் காளையின் படம் என்பனவற்றில் அவர்கள் காட்டும் அக்கறையில் பாதியேனும் அடித்தளத்தின்மேல் செல்வதில்லை. பட்டறைக்காரர் “செக்கர் தகடு அடித்துவிடலாம்” என்பார், உடையவரும் தலையசைத்துவிடுவார்.

இரும்புத் தகட்டுக்கு உரிய பெருமையை மறுப்பதற்கில்லை. மணலும் ஜல்லியும் அள்ளுவோருக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. மண்வெட்டி தடையின்றி ஓடும், பலகையைப்போல் சிராய் எழும்பாது. ஆனால் இந்த ஜில்லாவின் விவசாயி ஒரே சரக்கையா ஏற்றுகிறார்? விடியலில் கீரமங்கலம் சந்தைக்கு மல்லிகை, திரும்புகையில் யூரியாவும் பொட்டாஷும், வைகாசி, ஆனியில் வடகாட்டுப் பலாப்பழம், தை மாதத்தில் காளை. இத்தனைக்கும் ஒரே தளம்தான்.

உரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். பொட்டாஷ் என்பது ஒருவகை உப்பே. சாக்கிலிருந்து சிந்திய பிடி உரம் இரவுப் பனியில் கரைந்து, தகட்டின் பொருத்துவாய்களிலும் பற்றவைத்த ஓரங்களிலும் தங்கித் துருவை வளர்க்கிறது. வர்ணம் மேலே பளபளக்க, கீழே தகடு சல்லடையாகும்.

எடையும் கவனிக்கத்தக்கது. எட்டடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள பெட்டியின் தளம் சுமார் 4 சதுர மீட்டர். அதற்கு 3 மி.மீ. இரும்புத் தகடு ஏறக்குறைய 96 கிலோ. ‘உறுதிக்காக’ 5 மி.மீ. போட்டால் 160 கிலோ. முக்கால் டன் ஏற்றும் சிறு வண்டியில் இது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு பயணத்திலும் மூன்று மூட்டைக்கு மேல் உரத்தின் எடையை வீணே சுமந்து டீசல் எரிப்பதற்கு இது சமம். ஓர் அங்குலக் கனமுள்ள நல்ல பலகை அதே பரப்புக்கு 70 கிலோவை ஒட்டியே நிற்கும்.

எனினும் பலகையின் பக்கம் பேசுவதற்கு முதற்காரணம் காளையே. அண்மை ஆண்டுகளில் தை பிறக்கும் முன்னரே தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டு தொடங்கிவிடுகிறது. 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. இவ்வளவு காளைகளும் நடந்தா வருகின்றன? சாணமும் கோமியமும் படிந்த இரும்பில் குளம்பு நிற்பதில்லை. செக்கர் தகட்டின் மேடுகள் புதிதில் சிறிது பிடி கொடுக்கும். தேய்ந்தபின் அதுவும் இல்லை. வளைவில் ஓட்டுநர் திடீரென்று தடையை மிதித்தால் 400 கிலோ எடையுள்ள பிராணி முன்கால் விரிந்து விழுகிறது. சந்து பிசகிய காளை மறுபடி வாடிவாசல் காண்பது அரிது. அதனைப் பிள்ளைபோல் வளர்த்த வீட்டின் துயரம் சொல்லத் தரமன்று. வைக்கோலைப் பரப்பினால் போதும் என்பர் சிலர். நனைந்த வைக்கோல் இரும்பின்மேல் வைக்கோலோடு சேர்த்தே மாட்டையும் இழுத்துச் செல்லும். உச்சிவெயிலில் தகடு கொதிப்பதோ தனிக்கதை. மல்லிகை வாடுவதும் அதனாலேயே.

இதனை அரசாங்கமும் எப்போதோ உணர்ந்திருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள், மாடு ஏற்றும் சரக்கு வண்டியின் தளத்தில் வழுக்காதிருக்கும் பொருட்டுத் தேங்காய்நார் விரிப்போ மரப்பலகையோ இருக்கவேண்டும் என்றும், மாட்டுடன் வேறு சரக்கு ஏற்றலாகாது என்றும் கூறுகின்றன. 2015-இல் மோட்டார் வாகன விதிகளில் கால்நடை வண்டிகளுக்கெனத் தடுப்பு முதலியன பற்றிய தனி விதியும் சேர்க்கப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர்களும் விழாக் குழுவினரும் காளையின் பதிவுச் சீட்டைக் கேட்பதோடு, அது வந்திறங்கிய வண்டியின் தளத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்தால் குற்றமில்லை.

எந்த மரம்? தேக்கு உத்தமம், விலைதான் தடை. மாட்டு வண்டி காலத்தில் தச்சர்கள் நம்பிய கருவேலம் அடியும் உராய்வும் தாங்கும். வேம்பு கறையானுக்கு எளிதில் இடங்கொடாது. ஆலங்குடிப் பக்கத்தில் பலா மரமும் கிடைக்கும்; 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சாய்த்த பலா மரங்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளாமல் அறுத்துப் போட்டுவைத்தவர் அன்று புத்திசாலிகள். தைல மரம் ஜில்லாவெங்கும் மலிந்திருக்கிறது என்பதற்காக அதனைத் தேர்ந்தெடுத்தல் தவறு. காயும்போது அது முறுக்கி வெடிக்கும். போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும்.

பலகைகளை வண்டியின் நீளவாக்கில், குறுக்குச் சட்டங்களின்மேல், நீர் வடிய நெல் நுழையுமளவு இடைவெளி விட்டு அமைக்கவேண்டும். நெல்லைக் கொட்டி ஏற்றுவோர் அன்று மட்டும் தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். போல்ட்டின் தலை பலகைக்குள் அமிழ்ந்திருத்தல் முக்கியம். வெளியே நீட்டினால் சாக்கும் கிழியும், குளம்பும் கிழியும். வெட்டுமுனைகளுக்கு இருமுறை எண்ணெய் பூசவேண்டும், ஏனெனில் நீர் புகும் வாய் அதுவே. முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் கறையானுக்கு நல்ல காவல். ஆனால் கையைப் பொத்துவிக்கும் குணமுடையதால் பலகையின் அடிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். காளை ஏறும் நாளில் மேலே தேங்காய்நார் விரிப்பு ஒன்று.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்தில் மீன் ஏற்றுவோருக்கு இந்த யோசனை பொருந்தாது. மீன்நீர் ஊறிய பலகையின் நாற்றம் போவதில்லை. அவர்களுக்கு அலுமினியத் தகடே தக்கது, 3 மி.மீ. தகடு 33 கிலோதான் ஆகும். இரும்புச் சட்டத்தின்மேல் நேரடியாக அதனை வைத்தால் உப்புநீர் பட்டு அலுமினியமே அரிக்கப்படும். இடையில் ரப்பர்ப் பட்டை கொடுக்கவேண்டும்.

தளத்தை மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளவேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள வெற்றெடைக்கும் வண்டிக்கும் பெரும் வேற்றுமை கண்டால் தகுதிச் சான்று நாளில் தொல்லை. மரம் வாங்குவோர் சித்திரையிலேயே அறுத்து, நிழலில் சட்டமிட்டு அடுக்கிவிடுவார்களாயின், ஐப்பசி மழைக்கு முன் பலகை காய்ந்து தைக்கு வண்டி ஆயத்தமாகிவிடும். பச்சை மரத்தை மார்கழியில் வாங்கிப் பொருத்துவோர் மாசியில் மறுபடி பட்டறைக்குப் போகவேண்டிவரும்.