கையை ஆட்டாதே என்று சொல்லாதீர்கள்

"கையை ஆட்டாதே, வாயைத் திறந்து பேசு." காது கேளாத குழந்தை இருக்கும் வீடுகளில் பெரியவர்கள் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சைகை பழகிவிட்டால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த அக்கறை குழந்தைக்குக் கெடுதலாகத்தான் முடியும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த எண்ணம் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூடியது. பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது நன்றாகக் கேட்பவர்கள்! அதன்பின் பல நாடுகளில், வகுப்பில் கையை அசைத்த பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது.

அந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர் ஓர் ஆங்கிலப் பேராசிரியர், வில்லியம் ஸ்டோக்கி. 1955-ல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். மாணவர்களின் கைகளைக் கவனித்துக் கவனித்து, 1960-ல் தன் ஆய்வை வெளியிட்டார். சைகை என்பது நடித்துக் காட்டுவதல்ல, முறையான மொழி என்றார். கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசையும் விதம், இவை சேர்ந்துதான் ஒரு சொல். 'பல்' என்பதில் ஓர் எழுத்து நீண்டால் 'பால்' ஆகிவிடுகிறதல்லவா, அதுபோல. அமெரிக்கச் சைகை மொழியில் ஐந்து விரலையும் விரித்து, கட்டைவிரலை மோவாயில் வைத்தால் அம்மா. அதே கையை நெற்றியில் வைத்தால் அப்பா. (நம் இந்தியச் சைகை மொழி வேறு, அதற்குத் தனிச் சொற்கள், தனி இலக்கணம்.)

அடுத்து மூளை. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் உர்சுலா பெலூகியும் சகாக்களும், பக்கவாதம் போன்றவற்றால் மூளை பாதிக்கப்பட்ட காது கேளாதவர்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்து வேலை. கண்ணால் பார்த்து இடம், தூரம் கணிப்பதில் வலப்பக்கத்துக்குப் பெரிய பங்கு. சைகை கண்ணால் பார்ப்பதுதானே, வலப்பக்கம் அடிபட்டால் போய்விட வேண்டுமே? போகவில்லை. அவர்கள் ஒரு படத்தைப் பார்த்து வரையத் திணறினார்கள். சைகையோ சரளமாக வந்தது. இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான், அசையக்கூடிய கையிலும் சொல் சரியாக அமையவில்லை. ஆக, காது வழி வந்தாலும் கண் வழி வந்தாலும் மூளைக்கு அது மொழிதான்.

அந்த மொழி பதிகிற காலம் பிறந்த முதல் சில ஆண்டுகள். காக்ளியர் இம்ப்ளான்ட் நல்ல விஷயம். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். ஆனால் கருவி வைத்த மறுநாளே பேச்சு வந்துவிடாது. நீண்ட பயிற்சி வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே பலன் கிடைப்பதும் இல்லை. அதுவரை அந்தக் குழந்தை எந்த மொழியும் இல்லாமல் காத்திருக்க வேண்டுமா? கருவியும் இருக்கட்டும், சைகையும் இருக்கட்டும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து பழகும் பிள்ளைக்கு இரண்டும் வருகிறதே!

நம் வயதுக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காது மந்தமான பிறகு, கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது விஷயம் தெரியாமலே நாமும் சிரித்து வைக்கிறோம். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறார்கள். நமக்காவது மனசுக்குள் பேசிக்கொள்ள ஒரு மொழி இருக்கிறது. சைகையும் மறுக்கப்பட்ட அந்தக் குழந்தைக்கு அதுவும் இல்லை.

டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-ல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. வீடியோக்களாக இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெற்றோர் வேலைக்கு ஓடுகிறார்கள். நேரம் இருப்பது நமக்குத்தான். பேரனோ பேத்தியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, அவர்களுக்காகத் தினம் இரண்டு சொல் பழகுங்கள். விரல் மூட்டு கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.