மாட்டுக்கு யார் தண்ணி காட்டுறது?

கோடை விடுமுறை என்றால் மாமா வீடு, மாம்பழம், மத்தியானத் தூக்கம் என்றிருந்ததெல்லாம் பழங்கதை. இப்போது காலேஜில் படிக்கும் பெண்கள் ஏதாவது ஒரு ஸ்தாபனத்தில் இரண்டு மாதம் வேலை பழகிவிட்டு வர வேண்டுமாம். 'இன்டர்ன்ஷிப்' என்று அதற்குப் பெயர். பாங்கிலும் கம்பெனியிலும் இடம் பிடிக்கத்தான் அடிதடி. என் தங்கை பெண்ணோ தென் ஜில்லாவில் ஒரு தர்ம ஸ்தாபனத்தார் நடத்தும் கண் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். "கணக்குப் படிக்கிறவளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?" என்று அவள் அப்பாவுக்குச் சந்தேகம். எனக்கும் கொஞ்சம் இருந்தது.

இம்மாதிரிக் காரியங்களுக்கெல்லாம் வழி காட்டியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல், 58-வது வயதில், 11 படுக்கைகளுடன் அதை ஆரம்பித்தார். இளமையில் வந்த மூட்டுவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கிவிட்டிருந்தது. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர் அவர். பணம் உள்ளவர்கள் கொடுப்பதைக் கொண்டு இல்லாதவர்களுக்கும் வைத்தியம் செய்வது என்பது அவர் போட்ட கணக்கு. 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் மதுரையிலேயே செய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாது. லென்ஸ் வைக்காத காலத்தில் புரை எடுத்துக்கொண்டவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியை மூக்கில் சுமந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது உடைந்தால் மறுபடியும் இருட்டுதான்.

ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் ஆரம்ப நாளில் பலர் வரவில்லையாம். பஸ் சார்ஜுக்கு எங்கே போவது? சாப்பாட்டுக்கு? கூட வருகிறவனுக்குக் கூலி போகுமே? ஆகவே பஸ்ஸையும் சாப்பாட்டையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். இப்போது கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுக் கண்ணைப் பார்த்து, புரை உள்ளவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிப் போய், ஆபரேஷன் முடித்துத் திரும்பவும் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் பெண் போன இடத்திலும் இதே முறைதான். பெயர் எழுதிக்கொண்ட பிறகும் பஸ் ஏறாதவர்களிடம் காரணம் கேட்டு எழுதுவது அவள் வேலை. கத்தி என்றால் பயம், அதுதான் காரணமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனாளாம். ஆண்களில் சிலர் அப்படிச் சொல்லவும் செய்தார்கள். ஒரு பாட்டி சொன்னதுதான் வேறு.

"எனக்கென்ன தாயீ பயம்? ஏழு புள்ளை பெத்தவ. மூணு நாளு நான் போயிட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?"

பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. தொழுவத்துக்குத் தடவிக்கொண்டுதான் போகிறாள். மகனும் மருமகளும் திருப்பூரில். இவள் பொறுப்பில் ஒரு மாடும் ஒரு பேரனும். உலகத்தில் பார்வை இழந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்று நமக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பாடத்தில் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

எங்கள் பெண் தனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் எடுத்துச் சொன்னாள். பாட்டி அசையவில்லை. பஸ் கிளம்பும் நேரம். முந்தின வருஷம் ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டு அம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். "நீ போயிட்டு வாக்கா. மாட்டை நான் பாத்துக்கிடுறேன். புள்ளைக்கு என் வீட்டுல சோறு" என்றாள். அவ்வளவுதான், பாட்டி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆயிரம் நோட்டீஸ் அடிக்கலாம். மாட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நோட்டீஸில் போட முடியுமா?

இரண்டு மாதத்தில் இவளால் அந்த ஆஸ்பத்திரிக்கு என்ன லாபம் என்று கேட்டால், அதிகம் இல்லை. இவளுக்கு வேலை சொல்லிக் கொடுக்க அங்கிருந்த நர்ஸம்மாக்கள் செலவிட்ட நேரமே கூடுதலாக இருக்கும். ஒன்று மட்டும் செய்தாள். படிவத்தில் 'துணைக்கு யார் வருவார்கள்?' என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதன் கீழே 'வீட்டில் இவர் வேலையை யார் பார்ப்பார்கள்?' என்றும் ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சேர்ப்பார்களோ மாட்டார்களோ, கேட்டது நல்ல கேள்வி என்பது என் கட்சி.

ஊர் திரும்பிய மறுநாள், அவள் அப்பாவைப் பெற்ற பாட்டி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணால் பார்த்து அல்ல, விரலால் தடவித் தடவி! எத்தனை நாளாக இப்படி என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஆடி போகட்டுமே" என்றாள் என் தங்கை. ஆடி போனால் கிருஷ்ண ஜயந்தி வரும், பிறகு கொலு வரும். பாட்டியோ, "எனக்கு என்னடி அவசரம்? நான் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துகொண்டால் இங்கே கீரை யார் ஆய்வா?" என்கிறாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. கீரை என் பொறுப்பு.