தொண்டரும் தொகுப்போரும்

தொண்டுக்கு நல்ல உள்ளம் ஒன்றே போதும் என்னும் எண்ணம் எம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. விழா எடுப்பதாயினும் மலர் வெளியிடுவதாயினும், நல்லெண்ணம் படைத்த நாலு பேர் கூடினால் காரியம் தானே நடந்தேறும் என நம்புகிறோம். கணினித் தமிழைப் பற்றி மேடைகளிற் பேசுவோரும் இந்நம்பிக்கைக்கு விலக்கல்லர். உலகெங்கும் சிதறி வாழும் தமிழ் இளைஞர் ஊதியம் கருதாது உழைக்கின்றனர். ஆகவே திறந்த மூல மென்பொருள்களில் தமிழ் தழைத்துவிடும் என்பது அன்னார் வாதம். உழைப்பை நான் மறுக்கவில்லை. தழைப்பதுதான் ஐயமாக இருக்கிறது.

திறந்த மூல மென்பொருளாவது, தன் மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடப்படுவது. அதன் வரலாற்றிலே கொழும்புக்கும் ஓர் இடமுண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எமது கரைகளைச் சூறையாடியபோது, இந்நகரின் கணினித் துறையினர் பலர் தத்தம் வேலையை ஒதுக்கிவைத்து ஒன்றுகூடினர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பு முன்னின்றது. காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், இன்ன இடத்தில் இன்னது வேண்டும் என்னும் கோரிக்கைகள் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் மென்பொருளொன்றைச் சில வாரங்களுக்குள் எழுதி முடித்தனர். ‘சஹனா’ என்பது அதன் பெயர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல். அவசரத்தில் எழுந்த அவ்வடிவத்தைப் பிற நாடுகளுக்கும் பொருந்துமாறு 2005இல் மீள எழுத வேண்டியதாயிற்று. அதன் பின்னரே பாகிஸ்தானின் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவுக்கும், யோக்யகர்த்தாவின் நிலநடுக்கத்துக்கும் அது துணைநின்றது.

பேரலை வந்த நாட்களில் தொண்டர் பெரும்பாலும் ஒரே நகரில், ஒரே துயரத்தில் இருந்தனர். 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது சஹனாவுக்குக் கைகொடுத்தோரோ கண்டங்கள் பலவற்றிற் பரந்திருந்தனர். அம்மாதத்தில் கொழும்பிலே காலை எட்டு மணியென்றால் கலிபோர்னியாவில் முதல்நாள் மாலை ஆறரை. ஒருவர் உறங்கப் போகும்போது மற்றவர் வேலையைத் தொடங்குகிறார். அவர் விட்ட இடம் இவருக்குத் தெரிய வேண்டும். ஒரே வழுவை இருவர் திருத்திக்கொண்டிருத்தல் ஆகாது. செய்து தருகிறேன் என்றவர் மூன்று வாரமாக மறுமொழி தரவில்லையெனில், அவரை நோகச் செய்யாது அப்பணியை இன்னொருவரிடம் மாற்ற வேண்டும். ஆள் கூடினால் வேலை விரையும் என்பதுமில்லை. பிந்திவிட்ட மென்பொருட் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என பிரெட் புரூக்ஸ் 1975ஆம் ஆண்டிலேயே நூலெழுதிக் காட்டிவிட்டார்.

இவற்றுள் மிகக் கடினமானது மறுத்தல். வெளியீட்டு நாளுக்கு இரு வாரமிருக்கையில் ஒருவர் தம் இரவுகளைச் செலவிட்டு ஆக்கிய புதிய வசதியொன்றைக் கொண்டுவந்து தருகிறார். அருமையான வேலைதான்; ஆயினும் இப்போது சேர்த்தால் சோதிக்கப் பொழுதில்லை. ஊதியம் பெறுபவருக்கு ஆணையிடலாம். தொண்டருக்கு எதைச் சொல்வது? அடுத்த வெளியீட்டுக்கு வைத்துக்கொள்வோம் எனச் சொல்லி, அடுத்த வெளியீடு வரையில் அவரை விலகவிடாது வைத்திருப்பவரே ஒருங்கிணைப்பாளர்.

தமிழ் படித்தவருக்கு இது புதுமையன்று. நாலடி முதல் எட்டடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அகநானூறு என எம் முன்னோர் அளவு வகுத்தனர். எத்தனையோ ஊர்ப் புலவர்கள், தொகையைக் கனவிலும் கருதாது பாடியவை அவை. குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ என்பர். இரண்டு பாடல்கள் ஒன்பதடி பெற்று அதனுள் இடம்பெற்றிருப்பதைக் காணும்போதெல்லாம், அம்மனிதன் மீது எனக்கு ஓர் அன்பு உண்டாகிறது.

இனி எமது குறைக்கு வருகிறேன். மென்பொருளொன்று வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் அதன் திரையில் தோன்றும் சொற்றொடர்கள் யாவும் இனி மாற்றப்படா என அறிவிப்பர். மொழிபெயர்ப்போர் ஓடிவந்து முடிப்பதற்கான அவகாசம் அது. லினக்ஸ் கணினிகளிற் பெருவழக்காயுள்ள க்னோம் என்னும் திரைச்சூழல் மார்ச்சிலும் செப்டெம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை வெளிவருகிறது. சொற்றொடர்களுள் நூற்றுக்கு எண்பதாவது பெயர்க்கப்பட்ட மொழியையே ஆதரவு பெற்ற மொழியாக அது எண்ணி வந்துள்ளது. எழுபத்தொன்பது ஆனாலும் நாள் காத்திராது. எம்மவரோ பயிற்சிப் பட்டறை நடத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முந்நூறு தொடர்களைப் பெயர்த்து, படமெடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறோம். அடுத்த வெளியீட்டில் புதிய தொடர்கள் வந்து சேர, பழைய கணக்கு மீண்டும் சரிகிறது.

2010 அளவில் ஃபயர்பொக்ஸ் உலாவி இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரு தமிழில் வெளிவந்தது. இன்று இலங்கைத் தமிழ்ப் பதிப்பு இல்லை. எம் வழக்குக்குத் தனியிடம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் கைகள் சிலவாயிருக்கும்போது ஒரே வேலையை இருமுறை செய்வது வீண் என்பது என் துணிபு. ‘கோப்பு’ என்பதற்கு இரு கரையிலும் ஒரே சொல்தானே? வேறுபடும் சில சொற்களுக்கு ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு உடன்படலாம். 1950களிலும் 60களிலும் எமது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் கற்பிக்கப்பட அவை உதவின. சொல்லாக்கும் திறன் இங்கு புதிதாய்ப் பிறக்க வேண்டியதில்லை.

குறைவாயிருப்பது, ஆண்டு முழுதும் அக்கணக்கைக் கையில் வைத்திருக்கும் ஆள். அதற்கு நிரலெழுதத் தெரிய வேண்டியதில்லை. ஓர் ஆசிரியருக்கு இயல்பான ஆற்றல்களே அதற்கும் வேண்டும்: பணியைப் பகிர்ந்தளித்தல், ஒரு திரையில் ‘நீக்கு’ என்றும் மறு திரையில் ‘அழி’ என்றும் வருவதைக் கண்டு ஒன்றாக்கல், வராதவரை நினைவூட்டல். 1942இல் தோன்றி, இன்று வெள்ளவத்தையில் நிலைபெற்றுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மேசையொன்று போதும். கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவர் எத்தனை பேர்! ஆளுக்கு வாரம் நாற்பது தொடர் என்றால், பத்துப் பேர் ஐந்து மாதத்தில் எண்ணாயிரத்தைக் கடப்பர். மார்ச் வெளியீட்டுக்கு முந்திய வாரங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் எமது ஆசிரியர்கள் ஆழ்ந்திருக்கும் காலம். ஆதலால் தொடங்குவோர் செப்டெம்பரைக் குறித்துத் தொடங்குதல் நன்று.