தேன்சிட்டின் கூட்டைக் கலைக்காதீர்கள்!

திண்டுக்கல்லில் கொல்லையிலே ஒரு செம்பருத்திச் செடி பூத்திருந்தால் போதும். பொழுது விடிந்ததும் தேன்சிட்டு வந்துவிடும். அதன் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். எடை 8 கிராம் அளவுதான். வளைந்த அலகைப் பூவுக்குள் நுழைத்து, குழாய் போன்ற நாக்கினால் தேனை உறிஞ்சும்.

இதைப் பார்த்து ‘ஹம்மிங் பறவை’ என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும்.

தேன்சிட்டுகளில் பல வகை உண்டு. திண்டுக்கல் சமவெளியில் ஊதாத் தேன்சிட்டும், மஞ்சள் வயிறுடைய ஊதாப்பிட்டுத் தேன்சிட்டும் அதிகம். இவற்றைவிடச் சிறியது, முதுகில் செந்நிறம் கொண்ட சின்னத் தேன்சிட்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. பூக்கும் பருவத்தை அனுசரித்து மலையில் மேலும் கீழும் இடம் மாறும். தாண்டிக்குடி போன்ற இடங்களில் காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் கல்யாண முருங்கையின் சிவந்த பூ, தேன்சிட்டுகளுக்கு நல்ல விருந்து.

சிலந்தி நூலில் ஒரு வீடு

நார், சருகு, பட்டைத் துணுக்கு ஆகியவற்றைச் சிலந்தி நூலால் பிணைத்து, பை போலத் தொங்கும் கூட்டைக் கட்டுவது பெண் பறவை. வாசலுக்கு மேல் சிறு கூரையும் உண்டு! துணிக் கொடியிலும், தாழ்வாரத்து மின்சாரக் கம்பியிலும் கூடக் கட்டும். அதை ஒட்டடை என்று எண்ணித் துடைப்பத்தால் தட்டிவிடுவது பல வீடுகளில் வழக்கம். உள்ளே இருக்கும் இரண்டு முட்டைகளும் அதோடு போய்விடும்.

தேன் மட்டும் போதாது

தேன்சிட்டு தன் குஞ்சுக்குத் தேனைவிடப் பூச்சியையும் சிலந்தியையுமே அதிகம் ஊட்டுகிறது. இங்கேதான் ஆபத்து. ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கை ஒரு முக்கியப் பயிர். புழு அரித்தால் விவசாயி என்ன செய்வார்? மருந்தே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், பூ நிறைந்திருக்கும் வேளையில் தெளித்தால் குஞ்சின் இரை அழியும்; காய் பிடிக்கத் துணை செய்யும் தேனீக்களும் மாளும். நஷ்டம் பறவைக்கு மட்டுமல்ல, விவசாயிக்கும்தான்.

தேன்சிட்டு நம்மிடம் தானியம் கேட்கவில்லை, கூண்டும் கேட்கவில்லை. முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும் வரை சுமார் ஒரு மாதம். அதுவரை அந்தக் கொடியில் துணி காயப்போடாமல் இருந்தால் போதும். ஒரு மாதப் பொறுமை நமக்கு இல்லையா?